பனிக்கடலின் அடியில் யார் குடியிருக்கிறார்கள்? - பார்க்காமலே முகவரி சொல்லும் விஞ்ஞானிகள்!

2021 பிப்ரவரி மாதம். அன்டார்டிகாவின் வெடல் கடலில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்' ஆய்வுக் கப்பல். கப்பலிலிருந்து நீண்ட கேபிளில் இறக்கப்பட்ட ஒரு கேமரா, சுமார் அரை கிலோமீட்டர் ஆழத்தில், கடல் தரைக்குச் சற்று மேலே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரையில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம். எல்லாம் மீன் கூடுகள்! முக்கால்வாசிக் கூடுகளில் ஒரு மீன் காவலுக்கு இருந்தது. கூட்டுக்குச் சராசரியாக 1,735 முட்டைகள். கேமரா போய்க்கொண்டே இருந்தது. கூடுகளும் வந்துகொண்டே இருந்தன.

கூடு கட்டியிருந்தவை பனிமீன்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினே இல்லாத அபூர்வ இனம். குறைந்தது 240 சதுர கி.மீ பரப்பில் சுமார் 6 கோடி கூடுகள் இருக்கின்றன என்று மறு ஆண்டு ஆய்வறிக்கை வெளியானபோது உலகமே வாயைப் பிளந்தது. அதுவரை இவ்வளவு பெரிய மீன் குடியிருப்பை யாரும் பார்த்ததில்லை.

ஆனால், அந்த 6 கோடியை யாரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. கேமராவில் பதிவான கூடுகள் 16,160 மட்டுமே. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கூடு என்று பார்த்து, மொத்தப் பரப்புக்கும் போட்ட கணக்குதான் மீதி. துருவக் கடல் ஆராய்ச்சியின் நிலவரமே இதுதான். கொஞ்சம்தான் பார்க்க முடியும். பார்க்காத இடத்தைக் கணிக்கத்தான் வேண்டும்.

ஏன் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது?

போகலாம். ஆனால், பனி விட வேண்டுமே! அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல், வருடத்தில் பல மாதங்கள் உறைந்து கிடக்கும். கோடையில் கிடைக்கும் சில வாரங்களில்தான் கப்பல்கள் உள்ளே நுழைய முடியும். அதுவும் உறுதியில்லை. 2017 ஜூலையில் லார்சன்-சி பனித்தட்டிலிருந்து ஏ-68 என்ற பிரமாண்டப் பனிப்பாறை உடைந்து விலகியது. அதன் அடியில் மறைந்திருந்த கடல் தரையைப் பார்க்க, அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். வழியெங்கும் கடல்பனி மறித்துக்கொள்ள, பாதியிலேயே திரும்ப வேண்டியதாகிவிட்டது.

போதாததற்கு ஆழம் வேறு. மற்ற கண்டங்களின் கரையோரக் கடல் தரை பெரும்பாலும் 200 மீட்டருக்குள் இருக்கும். பனியின் பாரம் அழுத்தி, பனியாறுகள் குடைந்ததால், அன்டார்டிகாவின் கரையோரத் தரை சராசரியாக 500 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

துருவத்தை விடுங்கள். உலகின் மொத்த ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ பார்த்த பகுதி வெறும் 0.001 சதவிகிதம்தான் என்கிறது 2025இல் வெளியான ஓர் ஆய்வு.

கணிப்பு எப்படி நடக்கிறது?

ஒரு விலங்கு எங்கே வாழும்? அதற்குப் பிடித்த சூழல் எங்கே இருக்கிறதோ அங்கே. கணிப்பின் அடிப்படை இவ்வளவுதான்.

முதலில், ஒரு குறிப்பிட்ட உயிரினம் இதுவரை எங்கெல்லாம் கண்டெடுக்கப்பட்டது என்ற பட்டியலை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடங்களின் ஆழம், தரைமட்டத் தண்ணீரின் வெப்பநிலை, உப்பு, நீரோட்டம், தரை பாறையா சேறா, எத்தனை மாதம் பனி மூடியிருக்கும் என்ற விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறார்கள். இந்த உயிரினத்துக்கு என்ன பிடிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. பிறகு, கடலையே சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த உயிரினம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடுகிறது. கணக்கு சரியா என்று சோதிக்கவும் வழி உண்டு. தெரிந்த இடங்களில் சிலவற்றைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் மறைத்துவைப்பார்கள். அது அவற்றைச் சரியாகச் சொன்னால் பாஸ்!

இதில் முக்கியமான விஷயம், சாப்பாடு. கடலடியில் ஒட்டிக்கொண்டு வாழும் கடற்பஞ்சு, பவளம் போன்றவற்றால் எழுந்து போய் இரை தேட முடியாது. மேலிருந்து விழுவதை நம்பியே வாழ்கின்றன. கோடையில் சூரியன் எட்டிப்பார்த்ததும் கடலின் மேல்மட்டத்தில் நுண்பாசிகள் பச்சைப்பசேலென்று பெருகும். அவை செத்து, துணுக்குகளாக மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இறங்கும் வழியில் நீரோட்டம் அவற்றை எங்கெங்கோ தள்ளிக்கொண்டு போகும். அதனால், மேலே பச்சையாக இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் விருந்து என்று சொல்லிவிட முடியாது.

டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் யான்சன் குழு, இந்தச் சாப்பாட்டுப் பாதையையே கணக்குப் போட்டது. செயற்கைக்கோள் காட்டிய பாசியின் அளவு, நீரோட்டம், துணுக்குகள் இறங்கும் வேகம் மூன்றையும் சேர்த்து, கிழக்கு அன்டார்டிகாவின் ஒரு பகுதியில் எந்த இடத்துக்கு எவ்வளவு உணவு போய்ச்சேரும் என்று வரைபடம் தயாரித்தார்கள். பிறகு, அதைக் கடல் தரையின் புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். உணவு அதிகம் சேரும் என்று கணித்த இடங்களில், உயிர்களும் அதிகம் இருந்தன! 2018இல் வெளியான இந்த ஆய்வு, விண்வெளியிலிருந்து எடுக்கும் படத்தை வைத்தே கடலடி வாழ்க்கையை ஓரளவு ஊகிக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது.

கணக்கு எங்கே இடறுகிறது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுக்க ஒரே மாதிரி வெந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். அன்டார்டிகக் கடல் அப்படிப்பட்ட பானை கிடையாது.

இதுவரை சேகரித்த மாதிரிகளில் பெரும்பகுதி ஆய்வு நிலையங்களுக்குப் பக்கத்திலும், கப்பல்கள் வழக்கமாகப் போகும் வழிகளிலும் எடுத்தவை. எனவே, 'இந்த விலங்கு எங்கே வாழ்கிறது' என்று கேட்டால், 'விஞ்ஞானிகள் எங்கே போனார்கள்' என்ற பதிலைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. ஓர் இடத்தில் விலங்கு இல்லை என்பதும், அங்கே யாரும் தேடவில்லை என்பதும் பட்டியலில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஃபில்க்னர்-ரோன் பனித்தட்டில் கிடைத்த அதிர்ச்சி இன்னும் பெரியது. சேற்று மாதிரி எடுப்பதற்காகப் பிரிட்டிஷ் குழு ஒன்று, சுமார் 890 மீட்டர் தடிமனான பனியைத் துளைத்து கேமராவை இறக்கியது. திறந்த கடலிலிருந்து 260 கி.மீ உள்ளே இருந்த இடம் அது. வெளிச்சம் கிடையாது, மேலிருந்து உணவு விழவும் வழியில்லை. ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்கள் அங்கே இருக்காது என்பதே அதுவரையிலான கருத்து. ஆனால், கேமரா போய் நின்றது ஒரு பாறைமேல். அந்தப் பாறையில் கடற்பஞ்சுகளும் பெயர் தெரியாத வேறு சில உயிர்களும் ஒட்டிக்கொண்டிருந்தன! 2021இல் இந்தச் செய்தி வெளியானது.

2025 ஜனவரியில் அடுத்த ஆச்சர்யம். ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டிலிருந்து 510 சதுர கி.மீ அளவுள்ள ஏ-84 பனிப்பாறை உடைந்தது. தற்செயலாக அருகிலேயே இருந்த 'ஃபால்கோர் டூ' ஆய்வுக் கப்பல், 12 நாள்களில் அங்கே போய்ச்சேர்ந்தது. அதுவரை பனி மூடியிருந்த தரையில் பவளங்கள், ஆக்டோபஸ், பிரமாண்ட கடல் சிலந்திகள் எனப் பெரிய ஊரே இருந்தது. கடற்பஞ்சுகளின் அளவைப் பார்த்தால், பல பத்தாண்டுகளாக, ஒருவேளை நூற்றாண்டுகளாகவே அவை அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். உணவு பக்கவாட்டு நீரோட்டங்களில் வந்திருக்கலாம் என்பது அவர்களின் ஊகம்.

வரைபடம் தப்பானால் விஞ்ஞானிகள் சோர்ந்துபோவதில்லை. எந்த விவரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தோம் என்பதை அந்தத் தப்புதான் காட்டிக்கொடுக்கிறது.

இதனால் யாருக்கு லாபம்?

ராஸ் கடல் போன்ற பகுதிகளில் 'டூத்ஃபிஷ்' எனும் விலை உயர்ந்த பெரிய மீனைப் பிடிக்கிறார்கள். அதற்காக, ஆயிரக்கணக்கான முள்கள் கோத்த பல கி.மீ நீளமுள்ள தூண்டில் கயிறுகளைக் கடல் தரைவரை இறக்குகிறார்கள். கயிறு இழுபடும்போது பவளமும் கடற்பஞ்சும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மிக மெதுவாக வளரும் அவை, திரும்ப வளர நூறாண்டுகள்கூட ஆகலாம்.

இங்கே மீன்பிடிப்பை முறைப்படுத்தும் சர்வதேச ஆணையத்திடம் ஒரு விதி இருக்கிறது. தூண்டில் கயிற்றின் ஒரு பகுதியில் இப்படிப்பட்ட உயிர்கள் 10 கிலோ அல்லது 10 லிட்டர் அளவுக்கு மேலே வந்தால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு கடல் மைல் ஆரத்துக்கு மீன்பிடிக்கத் தடை. நல்ல விதிதான். ஆனால், சேதம் நடந்த பிறகுதான் அது விழித்துக்கொள்கிறது. கயிறு இறங்குவதற்கு முன்பே 'இங்கே வேண்டாம்' என்று சொல்ல, கணிப்பு வரைபடத்தைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.

இந்தியாவும் இந்த ஆணையத்தில் உறுப்பினர். இந்தியப் பரப்பில் பாதியை நெருங்கும் 15.5 லட்சம் சதுர கி.மீ ராஸ் கடல் பகுதி, 2017 டிசம்பர் முதல் பாதுகாக்கப்படுகிறது. வெடல் கடலுக்கும் கிழக்கு அன்டார்டிகாவுக்கும் அதேபோன்ற பாதுகாப்பு வேண்டும் என்ற திட்டத்துக்கு 2021இல் இந்தியா ஆதரவு தெரிவித்தது. ஆனால், உறுப்பினர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். அதனால் பல ஆண்டுகளாக இழுபறி. அந்த 6 கோடி கூடுகள் இருப்பதும் இதே வெடல் கடலில்தான்.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய துருவப் பகுதி நீர்மூழ்கி ரோபோ, 2015இல் அன்டார்டிகாவின் பனிநீரில் இறங்கி வேலை பார்த்திருக்கிறது. இப்படி எங்கிருந்து வரும் ஒவ்வொரு படமும், ஒவ்வொரு மாதிரியும் வரைபடத்தில் ஒரு கட்டத்தை ஊகத்திலிருந்து உண்மைக்கு மாற்றும்.

இப்போதெல்லாம் நல்ல ஆய்வுகள் இரண்டு வரைபடங்களைச் சேர்த்தே வெளியிடுகின்றன. 'விலங்குகள் எங்கே இருக்கலாம்' என்பது முதலாவது. 'இந்தக் கணிப்பை எந்த இடத்தில் எவ்வளவு நம்பலாம்' என்பது இரண்டாவது. ஆய்வுக் கப்பல் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்வது அந்த இரண்டாவது வரைபடம்தான். தூண்டில் கயிறு அவசரப்பட்டு எங்கே இறங்கக் கூடாது என்பதையும் அதுவே சொல்கிறது.