இரைச்சல் யார் வீட்டுது?

வெம்பக்கோட்டை வீட்டு மொட்டை மாடியில 40 மீட்டர் பேண்டுக்கு ஆன்டெனா கட்டின கதையை முன்னாடியே சொல்லியிருக்கேன். நடுவுல ஒரு இரும்பு பைப், ரெண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி, அவ்வளவுதான். நல்லா வேலை செஞ்சிட்டிருந்தது. திடீர்னு ஒரு வாரம் 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க 'ஜ்ர்ர்ர்'னு ஒரே இரைச்சல்.

எஸ்-மீட்டர் முன்னாடி எஸ்3-ல நிக்கும். இப்போ எஸ்9. ஒவ்வொரு எஸ்-க்கும் மின்னழுத்தம் ரெண்டு மடங்கு ஏறும். ஆறு படின்னா 64 மடங்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு, ஹாம் வேலையா போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் குழு, போன் எல்லாம் செத்துப்போன நேரத்துல ரேடியோ வழியாத்தான் அந்தமான் தகவலை வெளியே அனுப்பினாங்க. அப்படி ஒரு குரல் எஸ்5-ல வந்தா, என் ரேடியோவுல அது இருந்ததே தெரியாது.

அதே வாரம்தான் எங்க தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் மாத்தினாங்க. வேற என்ன வேணும்? குற்றவாளி கிடைச்சாச்சு. ஈபி ஆபீஸுக்குப் புகார்க் கடிதமே எழுதி வச்சேன். நல்லவேளை கொடுக்கல.

ஏன்னா, அந்த மாசப் பராமரிப்பு ஷட்டவுன் வந்தது. காலையில இருந்து சாயங்காலம் வரை ஊருக்கே கரண்ட் இல்ல. ஹாமுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. ரேடியோவைத் தனி 12 வோல்ட் பேட்டரியில மாட்டிப் போட்டேன். லைன்ல கரண்டே இல்ல, ஆனா இரைச்சல் அப்படியே இருக்கு!

ஒரு நிமிஷம் புரியல. அப்புறம்தான் தலைக்கு மேல ஃபேன் ஓடுறது கண்ணுல பட்டுச்சு. எங்க வீட்டு இன்வர்ட்டர்.

இன்வர்ட்டரை அணைச்சேன், அமைதி. மறுபடி போட்டு, அதுல ஓடுற பொருளை ஒவ்வொண்ணா பிடுங்கினேன். பிராட்பேண்ட் ரூட்டரோட அடாப்டரைப் பிடுங்கினதும் நின்னுடுச்சு. ஒர்க் ஃப்ரம் ஹோமுக்காக நானே, அதே வாரம், மலிவா வாங்கி மாட்டினது. உறுதிப்படுத்த அப்பாவோட பழைய டிரான்சிஸ்டரை மீடியம் வேவ்ல, ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சுப் பக்கத்துல கொண்டுபோனேன். கத்துச்சு.

காரணம் எளிது. இந்த அடாப்டர்கள் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வோல்ட்டைக் குறைக்கும். அந்த வெட்டோட மடங்கு அலைவரிசைகள் மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறிவரும். உள்ள ஒரு ஃபில்டர் வச்சா அடங்கிடும். விலையைக் குறைக்க முதல்ல கழட்டுறதே அந்த ஃபில்டரைத்தான். மிச்ச வேலையை ஒயர் பாத்துக்கும், அதுவே ஆன்டெனா ஆயிடும்.

ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்துல எட்டுச் சுத்து சுத்தினேன், எஸ்6-க்கு இறங்குச்சு. அடாப்டரையே மாத்தினதும் பழைய எஸ்3.

உங்க வீட்டுல மெயினையும் இன்வர்ட்டரையும் சேர்த்து அணைச்சும் சத்தம் நிக்கலன்னா, அப்புறம் தெருவுக்குப் போங்க. நல்ல மழையில அடங்கி, காய்ஞ்சதும் திரும்பி வந்தா, பெரும்பாலும் கம்பத்துல இருக்கிற தளர்ந்த இணைப்போ பீங்கானோதான். கம்பத்து நம்பரைக் குறிச்சு ஈபியில கொடுங்க. கம்பத்துல நீங்க கை வைக்காதீங்க. பக்கத்து வீட்டு பல்புன்னா, ஒரு நல்ல பல்பை வாங்கிட்டுப் போய் "அத்தை, இதை மாட்டிப் பாருங்களேன்"னு கேளுங்க. புகார்க் கடிதத்தைவிட அதுக்குச் செலவும் கம்மி.