கணிப்பொறியின் வாயில்கள்

பொறி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகியவற்றை ஐம்பொறிகள் என்கிறோம்; இயந்திரத்தையும் பொறி என்கிறோம். இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வரும் இடம் கணிப்பொறி. மனிதன் உலகை அறிவது ஐம்பொறிகளின் வழியாக. அவ்வாயில்கள் யாவும் அடைபட்டால், எத்துணைக் கூரிய அறிவும் குடத்துள் இட்ட விளக்காகிவிடும். கணிப்பொறியின் நிலையும் அதுவே. நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போடவல்ல அதற்குச் செய்தி உள்ளே செல்ல ஒரு வாயில் வேண்டும். கண்ட விடையை வெளியே சொல்ல மற்றொரு வாயில் வேண்டும். முன்னதை உள்ளீட்டுக் கருவி என்றும், பின்னதை வெளியீட்டுக் கருவி என்றும் வழங்குவர்.

கணிப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மின்நிலை இரண்டனுள் இதுவா, அதுவா என்பதொன்றே அது அறிந்தது. அவ்விரண்டையும் நாம் 1 என்றும் 0 என்றும் குறிக்கிறோம். ஆகவே, உள்ளே செல்வது எதுவாயினும் எண்ணாக மாறியே செல்லவேண்டும். ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையில் ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. ‘க’ என்பதன் எண் 2965. விசைப்பலகையின் அடியில் மின்கடத்தும் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் ஓரிடத்தில் இணைகின்றன. எவ்விடத்தில் இணைந்தன என்பதைச் சிறு மின்சுற்று ஒன்று கண்டு சொல்ல, அவ்விடத்திற்குரிய எழுத்தின் எண் உள்ளே பதிவாகிறது.

ஆங்கிலத்திற்கு எழுத்துகள் 26. தமிழுக்கோ 247. இத்தனை விசைகளை ஒரு பலகையில் வைத்தால் பத்து விரல்கள் என் செய்யும்? இவ்விடர் கணிப்பொறிக்கு முன்பே, தட்டச்சுப் பொறியின் காலத்திலேயே எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 1886-ஆம் ஆண்டில் பிறந்து, பின்னர் மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த இரா. முத்தையா என்பவர் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த முன்னோடி. எழுத்துகளைக் கால், கொம்பு, புள்ளி எனத் துண்டுகளாகப் பிரித்தார் அவர். புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து வரும் மெய்யின் உருவம் அதன் கீழேயே விழும். இங்ஙனம் நகரா விசைகளால் எழுத்துகள் கூடின. அம்முறையில் விரல் பின்பற்றியது எழுத்தின் உருவத்தை.

1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை வேறொரு வழியைக் கொண்டது. அது பின்பற்றுவது ஒலியை. உயிரெழுத்துகள் இடப்பக்கத்திலும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கத்திலும் உள்ளன. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகள் போதும். ககர விசையை அடித்து இகர விசையை அடித்தால் ‘கி’ தோன்றும். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கே விசைகளை அடித்தால், முதல் மகரம் தானே புள்ளி பெறும். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ போதும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் நகரம் மெய்யாகும் என்பது முன்னரே அதற்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. இன எழுத்து என்று இலக்கண வகுப்பில் நாம் மனப்பாடம் செய்வதுதான் அங்கே நம் விரல்களின் உழைப்பைக் குறைக்கிறது!

ஆயினும், விசையை அடிப்பது மனிதக் கை. கை தவறும், தவற்றைக் கணிப்பொறி தானே அறியாது. 91 மதிப்பெண் பெற்ற மாணவிக்கு 19 என்று யாரேனும் அடித்துவிட்டால், அது சிறிதும் ஐயுறாமல் அவள் தோல்வியுற்றாள் என்றே அச்சிட்டுத் தரும். ‘கணிப்பொறி தவறிவிட்டது’ என்று பின்னர்ப் பழி கூறுவர். தவறு நுழைந்தது வாயிலில் அன்றோ?

இதற்கு ஒரு காப்பு, கடைப்பொருள்களின் மேலுள்ள பட்டைக் குறி. அமெரிக்கரான உட்லாண்ட் என்பவர் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது, தந்தியின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்தார். தடித்த கோடும் மெல்லிய கோடும் பிறந்தன. அவரும் நண்பர் சில்வரும் 1952-இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். 1974-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் ஒகையோ மாநிலத்துக் கடை ஒன்றில், மெல்லும் பசைப் பொட்டலம் ஒன்று இன்றைய முறையில் முதன்முதலாகப் படிக்கப்பெற்றது. கருவியின் ஒளியைக் கருங்கோடு விழுங்கும், வெண்மை திருப்பியனுப்பும். அந்த ஏற்றத்தாழ்வே எண்ணாகிறது.

கோடுகளின் கீழுள்ள 13 இலக்கங்களில் இறுதியானது காவலன். 8901234567890 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டில் ஒற்றைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 28. இரட்டைப்படை இடத்தவை 34. அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர்ந்து 130. இதனைப் பத்தின் மடங்காக்க மேலும் வேண்டுவது 0. ஆகவே இறுதி இலக்கம் 0. கையால் அடிப்பவர் 2, 3 என்பவற்றை இடம் மாற்றிவிட்டால் தொகை 128 ஆகும்; கணக்குப் பொருந்தாது; கருவி ஏற்க மறுக்கும். இக்காவலனும் முற்றும் விழிப்புடையவன் அல்லன். 2, 7 போல ஐந்து வேறுபாடுள்ள இலக்கங்கள் அடுத்தடுத்து இடம் மாறினால் ஏமாந்துபோவான். அரிசிப் பைமேல் பருப்பின் பட்டையை ஒட்டினாலோ, கேட்கவே வேண்டா. பருப்பின் விலையே வரும்.

வெளியீட்டுக் கருவிகளுள் நாம் மிகுதியாகக் காண்பது திரை. அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. சிவப்பு, பச்சை, நீல ஒளி கலந்த நுண்புள்ளிகளே உள்ளன. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையில் அவை இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அச்சுப்பொறியும் தாளில் புள்ளிகளையே வைக்கிறது. கைப்பேசியின் தொடுதிரையில் இருவகை வாயில்களும் ஒன்றாயின. நம் விரல் மின்தன்மையுடையதாதலால் அது தொட்ட இடத்தைத் திரை உணர்கிறது. தடித்த துணியுறை அணிந்த விரலை அது பொதுவாக அறியாது.

வெளியீடு கண்ணுக்கே உரியதன்று. இன்று பூக்கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் சிறு ஒலிப்பெட்டி ஒன்று இருக்கக் காணலாம். வாங்குபவர் கைப்பேசியால் பணம் செலுத்தியதும், வந்த தொகையை அது தமிழில் உரக்கக் கூறுகிறது. பழைய படத்தைத் திரையில் காட்டி, ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று ஏய்ப்பாரும் உளர். பூத் தொடுக்கும் அம்மையார் கையிலுள்ள நாரை விடாமலே உண்மையை அறிய அப்பெட்டி உதவுகிறது.

கண்ணொளி இழந்தோர்க்குத் திரை மூடிய கதவு. கை வழி நகரும் சுட்டியாலும் அவர்க்குப் பெரிதும் பயனில்லை. ஆத்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், சேம்சு தே என்னும் கண்ணொளியற்ற இளைஞர் இருவர், திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை 2006-ஆம் ஆண்டில் தொடங்கி உருவாக்கினர். அத்தகைய மென்பொருள்களுக்கு விலை மிகுந்திருந்த அந்நாளில் தமதை இலவசமாகவே வழங்கினர். தொட்டுப் படிப்பதற்கும் வழியுண்டு. பிரெயில் காட்டி என்னும் கருவியில் சிறு ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் எழுத்துகளாகின்றன. விரல் ஒரு வரியைப் படித்து முடித்ததும் அடுத்த வரி அவ்விடத்திலேயே எழும்.

வங்கியின் பணம் வழங்கும் பொறியில் 5 என்னும் விசையின்மேல் சிறு மேடு ஒன்று உண்டு. விசைப்பலகையில் இரு சுட்டுவிரல்களும் தங்கும் விசைகளின்மேலும் அத்தகைய மேடுகள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். ஐந்தின் மேட்டைக் கண்டதும், ஏனைய ஒன்பது எண்களும் எங்கெங்கே உள்ளன என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.