அடங்காத பிள்ளையா, உதவி தேவைப்படும் பிள்ளையா?

"ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். சொன்னது காதில் ஏறுவதில்லை. பென்சில், நோட்டு, டிபன் பாக்ஸ் என்று தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வருகிறான்."

பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் இப்படிப் புலம்புவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வகுப்பில் அவனுக்கு 'வாலு' என்று பெயர். மாலை மதரஸாவிலும் அதே புகார். வீட்டுக்கு வந்தால் அடி. கண்ணேறு என்று நினைத்துத் தாயத்துக் கட்டுபவர்களும் உண்டு.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது வெறும் சேட்டை அல்ல, 'ஏ.டி.ஹெச்.டி.' எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தாயின் வளர்ப்பையோ பிள்ளையின் குணத்தையோ பழிப்பதில் நியாயம் இல்லை.

கோவை ஆய்வு சொல்வது என்ன?

நம் மாநிலத்திலேயே இதற்கு ஆய்வு உண்டு. கோவை மாவட்டத்தின் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 குழந்தைகளை ஜோத்ஸ்னா அக்கம் வெங்கட்டா, அனுஜா பணிக்கர் ஆகியோர் ஆராய்ந்தார்கள். 2013-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் அதன் முடிவுகள் வெளிவந்தன.

அதன்படி 11.32 சதவீதக் குழந்தைகளிடம் இக்குறைபாடு காணப்பட்டது. அதாவது ஏறத்தாழ 87 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண் பிள்ளைகள். நடுத்தரக் குடும்பங்களில் 6.84 சதவீதமாக இருந்த அளவு, வசதி குறைந்த குடும்பங்களில் 16.33 சதவீதமாக இருந்தது.

இது வினாப்பட்டியல் கொண்டு எடுத்த கணக்கு என்பதையும், வறுமைதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும், உதவி தேடிப்போக வசதியில்லாத வீடுகளில்தான் உதவி அதிகம் தேவைப்படுகிறது என்பது தெளிவு.

வீடும் பள்ளியும்

அந்த ஆய்வில் பயன்பட்டது, அமெரிக்க உளவியலாளர் கீத் கானர்ஸ் உருவாக்கிய வினாப்பட்டியல். அதைப் பெற்றோரிடமும் கொடுத்தார்கள், ஆசிரியரிடமும் கொடுத்தார்கள். இதில் முக்கியமான பாடம் இருக்கிறது. வீட்டில் மட்டும் அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்லிவிட முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோதான். பக்கத்து வீட்டாரோ யூடியூபோ அல்ல.

இன்னொன்று, ஓடியாடும் பிள்ளைக்கு மட்டும்தான் இது வரும் என்பதும் தவறு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ், இத்தகைய குழந்தைகளின் அடிப்படைச் சிக்கல் துள்ளல் மட்டுமல்ல, கவனத்தை நிலைநிறுத்த முடியாததும் என்று 1972-இல் எடுத்துக்காட்டினார். 1980-இல் குறைபாட்டின் பெயரிலேயே 'கவனம்' இடம்பிடித்தது. சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளை 'மக்கு' என்று ஒதுக்கப்படுகிறாளே, அவளுக்கும் இது இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

அடியால் இது மாறாது. சிறு குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையே பெற்றோருக்கான பயிற்சிதான். ஒரே நேரத்தில் நான்கு வேலை சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வது, வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, செய்து முடித்ததும் உடனே பாராட்டுவது, வகுப்பில் முன் வரிசையில் அமர்த்துவது ஆகியவை பலன் தருகின்றன. சிலருக்கு மருந்தும் தேவைப்படும்; அதை மருத்துவர் முடிவு செய்வார்.

திருமழிசையில் சிட்கோ தொழிற்பேட்டை ஷிப்டுக்குப் போகும் தகப்பனுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போய்விடும். உண்மைதான். ஆனால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் பூந்தமல்லி வழியாகப் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. முதலில் பேசிப் பார்க்க 'டெலி மானஸ்' இலவச எண் 14416 இருக்கிறது.

ஒருநாள் கூலி போனால் மறுவாரம் சம்பாதித்துக்கொள்ளலாம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று பத்து வயதில் நம்பிவிட்ட பிள்ளையை மீட்பது அத்தனை எளிதல்ல. அடுத்த புகார் வரும்போது, கையை ஓங்கும் முன் நாம் ஒரு நிமிடம் யோசிப்போமா?