தாயமும் திறன்மதிப்பும்

மதுரை வட்டாரத்துத் திண்ணைகளில் ஆடப்பெறும் தாயத்தில், இரு கட்டைகளுள் ஒன்று ஒற்றைப் புள்ளியும் மற்றது வெறுமுகமும் காட்டினாலே தாயம். விழத்தக்க 16 வகைகளுள் அது இரண்டே. வல்லவர்க்கும் எளியவர்க்கும் வாய்ப்பு ஒன்றே.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய அமெரிக்கர் இருவர் படைத்து 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதை விளையாட்டோ, பகடையோடு மாந்தரின் திறனையும் கணக்கிற்கொள்கிறது. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி ஆகிய ஆறற்கும் தனித்தனி மதிப்பு உண்டு. மூன்று பகடைகளை உருட்டிப் பெறின் அது 3 முதல் 18 வரை அமையும். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், மதிப்பில் 10-ஐக் கழித்துப் பாதியாக்கி, அரை வரின் கீழெண்ணைக் கொள்வர். இதுவே திருத்த எண். மதிப்பு 16 எனில் கூட்டுவது 3. 10 எனில் ஏதுமில்லை. 8 எனில் ஒன்று குறையும்.

மதிலேற 15 வேண்டுமெனக் கொள்வோம். இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு திருத்த எண்ணைச் சேர்ப்பர். வலிமை 16 உடையோனுக்கு இருபதில் 9 வாய்ப்பு. 10 உடையோனுக்கு 6. 8 உடையோனுக்கு 5.

வலியோனும் வழுக்குகிறான்; மெலியோனும் ஏறுகிறான். திறன்மதிப்பு துணையேயன்றித் தீர்ப்பன்று. மாணவர்தம் மதிப்பெண் பட்டியலைக் கையிலேந்தும் ஆசிரியராகிய நாமும் பெற்றோரும் இதனை மறவாதிருப்போமாக!