உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கை நாய்க்குட்டிகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையாறு, கோவிந்தாபுரம் பக்கமோ, குமுளி, போடிமெட்டு பக்கமோ, ‘டீகப்’ நாய்க்குட்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

● ‘டீகப்’ என்று ஓர் இனமே கிடையாது. சிவாவா, பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிறிய நாய் இனங்களில் மிகவும் சிறுத்துப் பிறந்தவற்றுக்கு விற்பவர்கள் வைத்த பெயர் அது. சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் கணக்கில் சிவாவாவுக்கு உகந்த எடை 1.5 முதல் 3 கிலோ.

● நாயின் சிற்றுருவத்துக்கு ஐ.ஜி.எஃப்-1 என்ற மரபணு முக்கியக் காரணம் என்று 2007இல் கண்டறிந்தார்கள். 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சைபீரிய ஓநாயிலும் அந்தக் குட்டைக் கூறு இருந்தது 2022இல் தெரியவந்தது. குட்டை உருவம் இயற்கை தந்தது. அதை உடல் தாங்காத அளவுக்குச் சுருக்குவது மனிதர் வேலை.

● எப்படிச் சுருக்குகிறார்கள்? ஈற்றிலேயே நோஞ்சானான குட்டிகளைப் பொறுக்கி, சில நேரம் உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே இணை சேர்க்கிறார்கள். குறைபாடுகளும் தலைமுறை தலைமுறையாகக் கூடவே வருகின்றன. தாய்ப்பால் மறக்காத குட்டியையும் அரைவயிறு தீனி போட்ட குட்டியையும் ‘டீகப்’ என்று விற்பவர்களும் உண்டு.

● மிகச் சிறிய குட்டி சில மணி நேரம் தீனி இல்லாமல் இருந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாட்டம், வலிப்பு, கவனிக்காவிட்டால் மரணம். மண்டையில் மூடாத உச்சிக்குழி, மூளையில் நீர்கோப்பு, நழுவும் முழங்கால் சில்லு, தளர்ந்து ஒடுங்கும் மூச்சுக்குழாய் ஆகியவையும் இவற்றுக்கு அதிகம். சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியலாம்.

● பெரும் துன்பம் தாய்க்குத்தான். குறுகிய இடுப்பெலும்பில் குட்டியின் தலை சிக்கினால் சிசேரியன்தான் வழி. அத்தனை சிறிய உடலுக்கு மயக்க மருந்தே ஓர் ஆபத்து.

● ஜனவரியில் மூணாறு பூஜ்ய டிகிரியை நெருங்கும். எடை குறையக் குறைய உடல் சூட்டை வேகமாக இழக்கும். அங்கே எஸ்டேட் குடியிருப்புகளின் குளிர் இந்தக் குட்டிகளுக்கு ஆகாது.

● குட்டையாக இருந்தாலே கேடு என்றில்லை. கேரளத்தின் வெச்சூர் மாடு சுமார் 90 செ.மீ. உயரம்தான். ஆனாலும் நன்றாக ஈனும், பால் தரும், வெயிலைத் தாங்கும். அழியவிருந்த அதை 1989 முதல் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் மீட்டெடுத்தார்கள். மண்ணோடு பொருந்தி வந்த குட்டை அது. சந்தை விலைக்காக வந்ததல்ல.

● நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கேரளம், தமிழ்நாடு இரண்டுக்கும் பொது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய்க்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலோ, வாழ்நாளில் ஐந்துக்கு மேலோ கூடாது. வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

● வாங்கத்தான் வேண்டுமென்றால் பதிவுச் சான்றையும் தாய் நாயையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். பரிதாபப்பட்டு வாங்கினாலும் அந்தப் பணம் அடுத்த ஈற்றுக்குத்தான் போகும். அன்பாக வளர்க்க ஒரு நாய் போதுமென்றால், தெருவில் பிறந்த நாட்டுக்குட்டிக்குத் தடுப்பூசி போட்டு வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.