கலப்பு மகிழுந்து எஞ்சினில் பாகப் பொருத்தம்

பேச்சு வழக்கில் ஹைபிரிட் கார் எனப்படும் கலப்பு மகிழுந்தில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து சக்கரங்களை ஓட்டுகின்றன. இந்த வண்டிக்கான எஞ்சின், மோட்டார், மின்கல அடுக்கு, இன்வெர்ட்டர், பற்சக்கரத் தொகுதி ஆகியவற்றை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுப்பதே பாகப் பொருத்தம் ஆகும். சாதாரண வண்டியில் எஞ்சின் தலைமைப் பாகம். மற்றவை அதற்கு ஏற்றவாறு அமையும். கலப்பு வண்டியில் அப்படி ஒரு தலைமை கிடையாது. மிகச் சிறிய பாகத்தின் எல்லைகூட மிகப் பெரிய பாகத்தைக் கட்டிப்போடும்.

பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட முதல் கலப்பு மகிழுந்து ஜப்பானின் டொயோட்டா பிரியஸ். தக்கேஷி உச்சியமாடா தலைமையிலான குழு உருவாக்கிய இவ்வண்டி 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1995 நவம்பரில், முதல் மாதிரி வண்டி தயாரானபோது அது 49 நாட்கள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்த அன்றும் சில நூறு மீட்டர் தூரமே ஓடியது. எஞ்சின், மோட்டார், மின்கலம் எதுவும் உலகுக்குப் புதியதல்ல. அவற்றை ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிய வைப்பதுதான் புதிய வேலையாக இருந்தது. பிரியஸின் முதல் மூன்று தலைமுறைகளின் அளவுகள் பொதுவெளியில் விரிவாகக் கிடைப்பதால், பாகப் பொருத்தத்தை விளங்கிக்கொள்ள அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

எஞ்சின்: வேண்டுமென்றே குறைக்கப்பட்ட திறன்

முதல் இரண்டு தலைமுறைப் பிரியஸிலும் இருந்தது 1என்இசட்-எஃப்எக்ஸ்ஈ என்னும் 1.5 லிட்டர் எஞ்சின். இதே குடும்பத்தில் சாதாரண மகிழுந்துகளுக்கான 1என்இசட்-எஃப்ஈ என்ற எஞ்சினும் உண்டு. இரண்டிலும் உருளையின் விட்டம் 75 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 84.7 மி.மீ., கொள்ளளவு 1497 கன செ.மீ. அளவு ஒன்றாயினும் சாதாரண எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஏறக்குறைய 80 கிலோவாட் தருகிறது. கலப்பு வண்டிக்கான எஞ்சின் இரண்டாம் தலைமுறையில் 5000 சுற்றில் 57 கிலோவாட் மட்டுமே தருகிறது.

குறைந்த திறனுள்ளதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1882இல் காட்டிய வழி இதற்கு அடிப்படை. எரிந்த வாயு விரியும் அளவு, எரியுமுன் கலவை அமுக்கப்படும் அளவைவிடக் கூடுதலாக இருந்தால், அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும் என்பதே அவர் கண்டது. அட்கின்சன் இதைச் சிக்கலான தண்டு இணைப்புகளால் செய்தார். பிரியஸில் உள்வாங்கு வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு சிறிது நேரம் திறந்திருப்பதால் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. விரிவு விகிதம் 13:1 ஆக இருந்தும் உண்மையான அமுக்கம் அதைவிடக் குறைவு. ஆகவே எஞ்சின் தட்டுவதில்லை. இழப்பு, குறைந்த சுற்றில் முறுக்குவிசை போதாமல் போவது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இந்த எஞ்சின் தனியாக இருந்தால் ஓட்டுநருக்குப் பொறுமை வேண்டும். மின்மோட்டாரோ, சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்குவிசையையும் தரும். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறையோடு சரியாகப் பொருந்துகிறது.

இந்த ஒரு முடிவு மற்ற பாகங்களையும் மாற்றிவிட்டது. எஞ்சின் 5000 சுற்றுக்கு மேல் போகாது என்று உறுதியானபின் கிராங்க் தண்டை மெலிதாக்கலாம், வால்வுச் சுருள்வில்லின் விறைப்பைக் குறைக்கலாம், பிஸ்டன் வளையங்களின் இறுக்கத்தைத் தளர்த்தலாம். இவை எல்லாம் உராய்வைக் குறைப்பவை. ஆகவே அளவு ஒன்றுதானே என்று சாதாரண எஞ்சினின் கேம் தண்டையோ பிஸ்டனையோ இதில் பொருத்தினால், பொருந்தியது போலத் தோன்றும். ஆனால் எந்தக் காரணத்துக்காக அந்த எஞ்சின் அங்கே வைக்கப்பட்டதோ அந்தக் காரணமே போய்விடும்.

பற்சக்கரக் கணக்கு

பிரியஸின் நடுவில் இருப்பது கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம், வெளியே 78 பற்கள் கொண்ட வளையச் சக்கரம், இரண்டுக்கும் இடையே சுற்றிவரும் கோள் சக்கரங்கள். கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் சுழற்றுகிறது. சூரியச் சக்கரத்தோடு எம்ஜி1 எனப்படும் மின்னாக்கி இணைந்துள்ளது. வளையச் சக்கரம் எம்ஜி2 எனப்படும் பெரிய மோட்டாரோடும், அதன் வழியே சாலைச் சக்கரங்களோடும் இணைந்துள்ளது. கிளட்சு இல்லை, கியர் மாற்றமும் இல்லை. மூன்றின் சுழற்சியையும் ஒரே சமன்பாடு கட்டுகிறது:

108 × எஞ்சின் சுற்று = 30 × எம்ஜி1 சுற்று + 78 × எம்ஜி2 சுற்று

பள்ளிக் கணிதம்தான், ஆனால் பாகத் தேர்வின் பெரும்பகுதி இதற்குள் அடங்கியிருக்கிறது. வண்டி நிற்கும்போது எம்ஜி2 சுற்று சுழி. அப்போது எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் எம்ஜி1 3.6 சுற்று சுற்ற வேண்டும். முதல் தலைமுறையில் எம்ஜி1இன் உச்ச எல்லை நிமிடத்துக்கு 6500 சுற்று. 6500ஐ 3.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1800. வண்டி நிற்கும்போது எஞ்சின் அதற்கு மேல் வேகம் எடுக்க முடியாது. கிளம்பும் நேரத்தில் எஞ்சினின் முழுத் திறனைப் பெற இயலாமல் போனதற்கு எஞ்சின் காரணமல்ல, மின்னாக்கியின் சுழலியே காரணம். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எம்ஜி1இன் எல்லை 10,000 சுற்றாக உயர்த்தப்பட்டது. இப்போது எஞ்சின் ஏறக்குறைய 2780 சுற்று வரை போகலாம். எஞ்சினின் கொள்ளளவை ஒரு கன சென்டிமீட்டர்கூடக் கூட்டாமலே வண்டிக்குச் சுறுசுறுப்பு வந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

அதே சமன்பாட்டை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வண்டி ஓடினால் எம்ஜி1 எதிர்த்திசையில் சுழலும். எம்ஜி2வின் ஒவ்வொரு சுற்றுக்கும் 2.6 சுற்று. வண்டி மணிக்கு 67 கி.மீ. அளவை நெருங்கும்போது அது எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் அந்த வேகத்துக்கு மேல், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் எஞ்சின் சுழலத்தான் வேண்டும்.

முறுக்குவிசைக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. எஞ்சின் தரும் 115 நியூட்டன் மீட்டரில் 108இல் 30 பங்கு, அதாவது ஏறக்குறைய 32, எம்ஜி1 பக்கம் போகும். மீதி 83 சக்கரங்களுக்குப் போகும். எம்ஜி1 அந்த 32ஐ எதிர்த்துப் பிடித்து நிற்காவிட்டால் சக்கரங்களுக்கும் எதுவும் போகாது, எஞ்சின் வெறுமனே வேகமெடுத்துச் சுழலும். கிணற்றுக் கயிற்றை ஒருவர் இழுக்க மற்றவர் கைவிட்டால் நேர்வது போலத்தான். பெரிய எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர் அதைப் பிடித்து நிறுத்தும் மின்னாக்கியையும், அதற்கு மின்னோட்டம் தரும் இன்வெர்ட்டரையும் சேர்த்தே பெரிதாக்க வேண்டும்.

மின்கலமும் மின்னழுத்தமும்

எஞ்சினின் திறனையும் மோட்டாரின் திறனையும் கூட்டி வண்டியின் திறன் என்று எழுதுவது மாணவர்கள் செய்யும் வழக்கமான பிழை. இரண்டாம் தலைமுறையில் எஞ்சின் 57, மோட்டார் 50; கூட்டினால் 107 கிலோவாட். ஆனால் அறிவிக்கப்பட்ட மொத்தத் திறன் 82 கிலோவாட் தான். மோட்டாருக்கு வரும் மின்சாரத்தின் ஒரு பகுதி எஞ்சினே எம்ஜி1 வழியாக ஆக்கித் தருவது. அதை இரண்டு முறை எண்ணக் கூடாது. வெளியிலிருந்து புதிதாகச் சேர்வது மின்கல அடுக்கு தரும் ஏறக்குறைய 25 கிலோவாட் மட்டுமே. 100 கிலோவாட் மோட்டாரைப் பொருத்தினாலும் மின்கலம் 25ஐத் தாண்டித் தராவிட்டால் வண்டியின் எடைதான் கூடும்.

மின்னழுத்தத்தின் கதை சுவையானது. 1997இல் வந்த வண்டியில் 1.2 வோல்ட் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்கள் 240 வரிசையாக இணைக்கப்பட்டு 288 வோல்ட் தந்தன. பின்னர் 228 கலங்கள், 273.6 வோல்ட். இரண்டாம் தலைமுறையில் 168 கலங்களே, 201.6 வோல்ட். மின்கலம் சுருங்கியது, மோட்டாரோ 33 கிலோவாட்டிலிருந்து 50 ஆக வளர்ந்தது. இடையில் நுழைந்தது மின்னழுத்த உயர்த்தி என்ற பாகம். அது 201.6 வோல்ட்டை 500 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குத் தருகிறது. 50 கிலோவாட்டை 200 வோல்ட்டில் அனுப்ப 250 ஆம்பியர் வேண்டும். 500 வோல்ட்டில் 100 ஆம்பியர் போதும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே கம்பியில் வெப்பம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் மோட்டாரின் காப்புப் பூச்சு, இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள், மின்தேக்கிகள் யாவும் 500 வோல்ட்டைத் தாங்க வேண்டும். ஒரு தலைமுறையின் இன்வெர்ட்டரை இன்னொரு தலைமுறை வண்டியில் பொருத்த முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

2009இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இந்த உச்சம் 650 வோல்ட் ஆனது. மோட்டாரின் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டரிலிருந்து 207 ஆகக் குறைக்கப்பட்டு, சுழற்சி எல்லை 13,500 ஆக உயர்த்தப்பட்டது. மோட்டாருக்கென 2.636 மடங்கு குறைப்புப் பற்சக்கரம் சேர்ந்ததால் சக்கரப் பக்கம் கிடைப்பது ஏறக்குறைய 546, முன்பைவிடக் கூடுதல்தான்.

எஞ்சின் நின்றபின்

சாதாரண வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் பல பாகங்கள் அதன் பெல்ட்டில் தொங்குகின்றன. கலப்பு வண்டியில் சிவப்பு விளக்கில் எஞ்சின் நின்றுவிடும். முதல் தலைமுறையில் குளிர்சாதன அமுக்கி பெல்ட்டால் ஓடியதால், குளிர்ச்சி வேண்டுமென்றால் எஞ்சினையும் ஓட்ட வேண்டியிருந்தது. வெயில் நாடுகளில் இது எரிபொருள் சேமிப்பைத் தின்றுவிடும். இரண்டாம் தலைமுறையில் அமுக்கி மின்சாரத்துக்கு மாறியது. மூன்றாம் தலைமுறையில் தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்துக்கு மாற, எஞ்சினில் பெல்ட்டே இல்லாமல் போனது. பிரேக்கை மிதிக்க உதவும் வெற்றிடத்தையும் நின்ற எஞ்சினால் தர முடியாது. அதற்கு மின்பம்ப் வேண்டும். தனி ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தேவையில்லை. எம்ஜி1 எஞ்சினைக் கிளப்பும், 12 வோல்ட் மின்சாரத்தை ஒரு மாற்றி தரும். மோட்டார்களின் செப்புச் சுருள்கள் பற்சக்கர எண்ணெய் படும் இடத்திலேயே இருப்பதால், அந்த எண்ணெய் மின்காப்பும் தர வேண்டும். கடையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது இங்கே சிறிய தவறல்ல.

மென்பொருளும் ஒரு பாகம்

2014 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறக்குறைய 19 லட்சம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்னழுத்த உயர்த்தியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் அமைப்பால் அங்குள்ள சில டிரான்சிஸ்டர்கள் அதிக வெப்பத்துக்கு உள்ளாகிப் பழுதடையக் கூடும்; அரிதாக, ஓடும் வண்டியே நின்றுவிடக் கூடும் என்பது காரணம். தீர்வாக மாற்றப்பட்டது மென்பொருள். ஒவ்வொரு பாகமும் தன்னளவில் சரியாக இருந்தும், அவற்றுக்கு இடப்படும் கட்டளை அவற்றின் தாங்குதிறனோடு பொருந்தாவிட்டால் விளைவு இதுதான். கல்லூரித் திட்டப்பணியாகப் பழைய பெட்ரோல் எஞ்சினோடு மோட்டாரை இணைப்போர் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கடைசியாகத் தேடுகிறார்கள். வண்டியின் எடை, ஏற வேண்டிய சரிவு, சக்கரத்தில் தேவைப்படும் முறுக்குவிசை என்று தொடங்கிப் பற்சக்கர விகிதம், மோட்டார், மின்கலம் என்று வருவது சரியே. ஆனால் இவை அனைத்தின் எல்லைகளையும் அறிந்த கட்டுப்பாட்டுக் கருவியை அப்போதே உடன் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய அடுக்கில் புதிய கலம்

ஜப்பானில் ஓடிய கலப்பு வண்டிகள் பெருமளவில் இறக்குமதியான இலங்கை போன்ற நாடுகளில் பாகப் பொருத்தம் அன்றாடப் பணப் பிரச்சினையாகவும் இருக்கிறது. மின்கல அடுக்கு பழுதானால் முழுதாக மாற்றச் செலவு அதிகம். இரண்டாம் தலைமுறை அடுக்கில் 7.2 வோல்ட் கட்டைகள் 28 உள்ளன. கெட்ட ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் இதனால் வந்தது. மின்னழுத்தம் ஒத்திருந்தால் போதும் என்று எண்ணுவது தவறு. எல்லாக் கட்டைகளும் வரிசையில் இருப்பதால் ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஓடும். புதிதாக இருக்கையில் கொள்திறன் 6.5 ஆம்பியர்-மணி. தேய்ந்து 3 ஆம்பியர்-மணிக்கு வந்துவிட்ட கட்டைகளின் நடுவே புதியதை வைத்தால், அது பாதிகூட இறங்காத நேரத்தில் மற்றவை காலியாகிவிடும். வண்டியின் கணினி கட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 இடங்களில் மின்னழுத்தத்தைக் கவனிக்கிறது; வேறுபாடு எல்லை மீறினால் எச்சரிக்கை விளக்கு மறுபடியும் எரியும். ஆகவே மாற்றுமுன் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே மின்னேற்றி, இறக்கி, கொள்திறனை அளந்து, நெருங்கிய அளவுள்ளதையே சேர்க்க வேண்டும். மிகப் புதியதைவிட, மற்றவற்றைப் போலத் தேய்ந்த ஒன்றே சில வேளைகளில் பொருத்தமானது.

இந்த வேலையில் இறங்குவோர் முதலில் தொட வேண்டியது அடுக்கிலுள்ள துண்டிப்புச் செருகியை. அதைக் கழற்றிய பின்னும் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் இறங்கச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். செருகியைக் கழற்றினாலும் அடுக்கின் உள்ளே கட்டைகள் தம் மின்னழுத்தத்தை விடுவதில்லை. காப்புக் கையுறை கடைசிவரை கையில் இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகும்.