பாரபின் திசுக்களில் நோயெதிர்ப்பு உடனொளிர்வுச் சாயமேற்றல்

பாரபின் திசுக்களில் நோயெதிர்ப்பு உடனொளிர்வுச் சாயமேற்றல் என்பது, பார்மலினில் பதப்படுத்திப் பாரபின் மெழுகில் பொதித்த திசுவிலுள்ள குறிப்பிட்ட புரதங்களை, ஒளிரும் சாயம் பிணைத்த பிறபொருளெதிரிகளைக் கொண்டு கண்டறியும் ஆய்வக முறையாகும். இது இம்யூனோபுளோரசன்சு எனப்படும் முறையின் ஒரு வகை. உறைய வைத்த திசு கிடைக்காதபோது சிறுநீரக நோய்களை அறுதியிட இது உதவுகிறது.

அடிப்படை

ஆன்டிபாடி எனப்படும் பிறபொருளெதிரி தனக்குரிய புரதத்துடன் மட்டுமே பிணையும் இயல்புடையது. அதனுடன் ஒளிரும் சாயத்தை இணைத்தால், அப்புரதம் இருக்கும் இடம் நுண்ணோக்கியில் ஒளிரும். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்சும் அவருடன் பணியாற்றியோரும் 1941 இல் இம்முறையை முதலில் வெளியிட்டனர். இன்று பரவலாகப் பயன்படும் புளோரசீன் ஐசோதயோசயனேட்டு என்னும் சாயம், ஏறக்குறைய 495 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சி, 520 நானோமீட்டர் அளவில் பச்சை ஒளியை உமிழ்கிறது.

மறைப்பும் மீட்பும்

வழக்கமாக இச்சோதனை உறைய வைத்த திசுவிலேயே செய்யப்படுகிறது. பார்மலின் திசு அழுகாமல் காக்கிறது. ஆனால் புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி, பிறபொருளெதிரி பற்ற வேண்டிய இடங்களை மறைத்துவிடுகிறது. இம்மறைப்பை நீக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, டிரிப்சின், புரோனேசு போன்ற நொதிகளால் புரதங்களை ஓரளவு செரிக்கச் செய்தல். பாரபின் சீவல்களில் டிரிப்சினின் பயன் 1976 இல் விளக்கப்பட்டது. மற்றொன்று, தாங்கற் கரைசலில் வைத்துச் சூடாக்குதல். இது 1991 இல் அறிமுகமானது. சிறுநீரகத் திசுவுக்கு நொதி வழியே பெரிதும் பயன்படுகிறது.

செய்முறை

1. மெழுகுக் கட்டியிலிருந்து 2 முதல் 3 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சீவல்கள் வெட்டப்பட்டுக் கண்ணாடி வில்லையில் ஒட்டப்படும்.
2. சைலீன் கொண்டு மெழுகு அகற்றப்படும். பின்னர் செறிவு குறைந்து செல்லும் ஆல்ககால் கரைசல்கள் வழியாகச் சீவல் நீருக்குக் கொண்டுவரப்படும்.
3. 37 பாகை செல்சியசில் நொதி இடப்படும். நேரம் குறைந்தால் மறைப்பு நீங்காது. மிகுந்தால் திசு சிதையும்.
4. நொதியைக் கழுவி நீக்கியபின், சாயம் பிணைத்த பிறபொருளெதிரி இடப்பட்டு, ஈரப்பதமுள்ள இருட்டுப் பெட்டியில் வைக்கப்படும்.
5. மீண்டும் கழுவி, மூடுவில்லையிட்டு, உடனொளிர்வு நுண்ணோக்கியில் பார்க்கப்படும்.

ஒவ்வொரு முறையும், விடை முன்பே தெரிந்த திசு ஒன்றும் உடன் சாயமேற்றப்பட வேண்டும். அது ஒளிராவிடில் அன்றைய முடிவுகளை ஏற்க இயலாது.

சிறுநீரக நோயறிதல்

இரத்தத்தை வடிகட்டும் தந்துகி முடிச்சுகளில் இம்யூனோகுளோபுலின் ஏ படிந்திருந்தால், அது ஐ.ஜி.ஏ. சிறுநீரக நோயைச் சுட்டும். லூப்பசு நோயில் பலவகைப் புரதங்கள் ஒருங்கே படிகின்றன. சாதாரணச் சாயங்களால் இப்படிவுகளை வேறுபடுத்த முடியாது. உறைய வைப்பதற்கென எடுத்த துண்டில் தந்துகி முடிச்சே இல்லாமற் போவதுண்டு. அந்நிலையில் பார்மலினில் இட்ட மற்றத் துண்டே கைகொடுக்கிறது. இவ்வகையில் புரோனேசு முறையின் பயனை அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 இல் எடுத்துக்காட்டினர்.

குறைபாடுகள்

பாரபின் திசுவில் நிரப்புப் புரதம் சி3 பெரும்பாலும் மங்கலாகவே தெரியும். அடிச்சவ்வைத் தாக்கும் பிறபொருளெதிரியால் வரும் நோய் போன்றவற்றில் படிவு தெரியாமலே போகலாம். சிவப்பணுக்களும் இணைப்புத் திசுவும் தாமாகவே ஒளிர்வதால் மயக்கம் நேர்வதும் உண்டு. எனவே, ஒளிர்வு இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என முடிவு செய்தல் கூடாது. மறுபுறம், உறைய வைத்த திசுவில் தெரியாத சில படிவுகள் நொதியிட்ட பாரபின் திசுவில் மட்டுமே வெளிப்படுவதும் அறியப்பட்டுள்ளது.

ஊரகப் பகுதிகளில் பயன்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதியினர் சிறுநீரகத் திசுச் சோதனைக்கு நகர மருத்துவமனைகளையே நாட வேண்டியுள்ளது. உறைய வைக்க வேண்டிய திசுவைக் குளிர்நிலையிலோ தனிக் கரைசலிலோ வைத்து விரைந்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். பாரபின் கட்டியோ அறை வெப்பநிலையில் பல்லாண்டு கெடாதிருக்கும். ஐயம் எழுந்தால் அதே கட்டியை மீண்டும் வெட்டிப் பார்க்கலாம். இதனால் பல நேர்வுகளில், குருதிக்கசிவு இடருள்ள ஊசிச் சோதனைக்கு நோயாளியை மறுபடியும் உட்படுத்துவதும், அதற்காக அவர் கூலியிழந்து வருவதும் தவிர்க்கப்படுகின்றன.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2020 இல், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்றைத் தொண்டை மண்டலச் சிறுநீரக நோய் என்ற பெயரில் விவரித்தனர். இது உழவுத் தொழிலாளரிடையே மிகுதியாகக் காணப்பட்டது. காஞ்சிபுரம் வட்டாரமும் பழந்தொண்டை மண்டலத்தைச் சேர்ந்ததே. இத்தகைய நோயில் பாதிப்பு சிறுநீரக நுண்குழல்களிலும் அவற்றைச் சூழ்ந்த திசுவிலும் முதன்மையாக உள்ளது. தந்துகி முடிச்சுகளில் நோயெதிர்ப்புப் புரதங்கள் குறிப்பிடத்தக்க அளவில் படிவதில்லை. படிவு உள்ள நோய்கள் சிலவற்றுக்கு நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகள் தேவைப்படும். எனவே இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவத்தையே மாற்றக்கூடியது.